நாமினி என்று நினைத்து எழுதிய பெயர்

கேள்வி: எனக்கு வயது 44. டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் மனைவி, 11 வயது மகள், 6 வயது மகனுடன் வசிக்கிறேன். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. 2011இல், திருமணத்துக்கு முன், நான் வேலை பார்த்த நிறுவனத்தின் ஊழியர்களுக்கான கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு வங்கி போன்ற அமைப்பில், கணக்குத் தொடங்கினேன். இன்று அதில் சேமிப்பாக 1.6 லட்சம் டாலரும் சர்டிஃபிகேட்டாக (குறித்த காலத்துக்குப் போட்ட வைப்பாக) 2.4 லட்சம் டாலரும் இருக்கின்றன. கணக்கு என் பெயரில் மட்டுமே உள்ளது. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியை அப்போது நாமினியாகப் போட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் அவன் பணத்தை வாங்கி என் மனைவியிடம் ஒப்படைத்துவிடுவான். ஆனால் 2.5 லட்சத்துக்கு மேல் உள்ள பணத்துக்குக் காப்பீடு கிடையாது என்று ஒரு நண்பர் சொல்கிறார். 'லிவிங் டிரஸ்ட்' தொடங்கியே ஆக வேண்டும் என்கிறார் இன்னொருவர். பிள்ளைகளின் பெயரை நேரடியாக எழுதலாமா? ஊரில் தம்பியுடன் இருக்கும் அம்மாவுக்கும் 50 ஆயிரம் டாலர் போய்ச் சேர வேண்டும். நான் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கணக்கைப் பற்றி மனைவிக்கு அதிகம் தெரியாது.

பதில்:

உங்கள் கடிதத்தில் 'நாமினி' என்ற சொல்லைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தியாவில் வளர்ந்து இங்கே வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தச் சொல்லை இந்தியப் பொருளிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அதற்கு அந்தப் பொருள் இல்லை. உங்கள் மற்ற கேள்விகளுக்கான விடைகளும் இதைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும் என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்தியாவில் வங்கி நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே. வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்தால் வங்கியின் கடமை முடிந்தது. பணத்தின் உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கு, அல்லது உயிலில் குறிப்பிட்டவர்களுக்கு. வங்கி வைப்புகளைப் பொறுத்து 2010இலும், பங்குகள், மியூச்சுவல் ஃபண்டுகளைப் பொறுத்து 2023இலும் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தம்பி வாங்கி அண்ணியிடம் கொடுப்பான் என்று நீங்கள் நினைத்தது, அந்த நாட்டுச் சட்டத்தின்படி சரியான நினைப்பு.

அமெரிக்க கிரெடிட் யூனியனில் நீங்கள் எழுதிக் கொடுத்தது 'பெனிஃபிஷியரி'யின் பெயர். கணக்குத் தாளில் இதை பி.ஓ.டி. என்று குறிப்பார்கள், இறந்தபின் இவருக்குக் கொடுக்கவும் என்பது அதன் பொருள். உங்கள் மூச்சு நின்ற கணத்தில் அந்தப் பணம் தம்பியின் சொத்தாகிவிடும். அவர் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அண்ணியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கடமையைச் சட்டம் அவர்மேல் சுமத்தவில்லை. ஒப்படைத்தால் அது அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து தரும் அன்பளிப்புதான். உங்கள் தம்பியின் மனதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவருக்கும் குடும்பம் உண்டு, கடன் இருக்கலாம், உங்களுக்குப் பின் சில நாட்களிலேயே அவருக்கும் ஏதாவது நேரலாம். அப்படி நேர்ந்தால் அந்தப் பணம் அவருடைய வாரிசுகளுக்குப் போகும், உங்கள் மகளுக்கும் மகனுக்கும் அல்ல.

பிறகு உயில் எழுதிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். டெக்சஸ் சட்டப்படி பி.ஓ.டி. பெயரை உயிலால் மாற்ற முடியாது. 'என் சொத்து முழுவதும் என் மனைவிக்கே' என்று உயிலில் எழுதியிருந்தாலும், 2011இல் கையெழுத்திட்ட அந்த ஒரு தாள்தான் நிற்கும். கணக்கு உயிலுக்குள் வராமலே தம்பியிடம் போய்விடும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. டெக்சஸ், தம்பதியரின் பொதுச்சொத்து முறையைக் கடைப்பிடிக்கும் ஒன்பது மாநிலங்களில் ஒன்று. திருமணத்துக்குப் பின் நீங்கள் ஈட்டிய சம்பளம், கணக்கு யார் பெயரில் இருந்தாலும், இருவருக்கும் பொது. திருமணத்துக்கு முன் போட்டது எவ்வளவு என்று ஆவணத்தோடு உறுதியாக நிரூபிக்க முடியாவிட்டால் முழுவதும் பொதுச்சொத்து என்றே சட்டம் கருதும். அந்த 4 லட்சத்தில் பாதி உங்கள் மனைவியுடையது என்று வாதிட அவருக்கு இடம் இருக்கிறது. ஆக, இப்போதுள்ள ஏற்பாட்டின்படி உங்களுக்குப் பின் அண்ணியும் கொழுந்தனும் வழக்கறிஞர்கள் மூலம் பேசிக்கொள்ள நேரலாம். இருவரும் நல்லவர்களாக இருந்தும் அந்த நிலை வரும். எனக்குப் பெரிய வருத்தம் அதுதான்.

அதனால் முதல் வேலையாகத் தம்பியின் பெயரை மாற்றுங்கள். அதற்கு முன் தொலைபேசியில் அவரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாமல் பின்னாளில் கேள்விப்பட்டால் மனம் நோகும்.

பெயரே இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் மாரடைப்பில் போய்விட்டார். கணக்கு கணவர் பெயரில் மட்டும். பெனிஃபிஷியரி கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். உயிலும் இல்லை. தொகை ஏறத்தாழ 1.4 லட்சம் டாலர். இரண்டு பிள்ளைகளும் அந்தத் தம்பதியின் பிள்ளைகளே என்பதால், டெக்சஸ் சட்டப்படி பொதுச்சொத்து முழுவதும் மனைவிக்குத்தான். உரிமையில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஆனால் அதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். உயில் இல்லாத சிறிய சொத்துகளுக்கு இங்கே உறுதிமொழிப் பத்திரத்தோடு முடியும் எளிய வழி ஒன்று இருக்கிறது. அதன் வரம்பு 75 ஆயிரம் டாலர். அதைத் தாண்டியதால் வாரிசு நிர்ணய வழக்குப் போட வேண்டியதாயிற்று.

அந்த வழக்கில், தெரியாத வாரிசு யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை நியமிக்கும். அவருக்கான கட்டணமும் நம் தலையில்தான். அதோடு, இறந்தவரின் குடும்ப வரலாறு தெரிந்த, சொத்தில் பங்கில்லாத இரண்டு சாட்சிகள் வேண்டும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் அந்தக் குடும்பம் வந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இங்குள்ள நண்பர்களுக்கு அவரை வாரக் கடைசி கிரிக்கெட்டில்தான் தெரியும். அவருக்கு முன்பு வேறு திருமணம் நடந்ததா, வேறு பிள்ளைகள் உண்டா என்று அவர்கள் எப்படிச் சத்தியம் செய்வார்கள்? கடைசியில் அவருடன் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த ஒருவரை வேறு மாநிலத்தில் தேடிப் பிடித்தோம். எட்டு மாதம் ஆயிற்று. அத்தனை மாதமும் வீட்டுக் கடன் தவணைக்கு அந்த அம்மாள் தம் தங்கையிடம் கைமாற்று வாங்கினார், கணவர் சேர்த்து வைத்த பணம் இரண்டு மைல் தூரத்தில் இருக்கும்போதே.

இனி காப்பீட்டைப் பற்றி. உங்கள் நண்பர் சொன்னது உங்கள் கணக்குக்கு இன்றைய நிலையில் சரி. கூட்டாட்சிக் காப்பீடு பெற்ற கிரெடிட் யூனியன்களின் வைப்புகளுக்கு, வங்கி வைப்புகளுக்கு எஃப்.டி.ஐ.சி. என்ற காப்பீட்டு அமைப்பு இருப்பதுபோல, என்.சி.யூ.ஏ. என்ற அரசு அமைப்பு நடத்தும் நிதி பொறுப்பேற்கிறது. 1970இல் தொடங்கிய நிதி அது. அதன் காப்பீட்டில் இருந்த ஒரு சென்ட்டைக்கூட இதுவரை எந்த உறுப்பினரும் இழந்ததில்லை. கிளையின் கவுன்டரில் அந்த அமைப்பின் பெயர்ப் பலகை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சில கிரெடிட் யூனியன்கள் தனியார் காப்பீட்டில் இருக்கின்றன.

வரம்பு 2.5 லட்சம் டாலர் என்பது மொத்தத்தில் ஓர் ஆளுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பெனிஃபிஷியரி பெயர் உள்ள கணக்கைச் சட்டம் டிரஸ்ட் வகையில் சேர்க்கிறது. அந்த வகையில் ஓர் உரிமையாளருக்கு, அவர் பெயர் எழுதிய ஒவ்வொரு பெனிஃபிஷியரிக்கும் 2.5 லட்சம் என்று கணக்கு. நீங்கள் எழுதியது ஒரே பெயர், தம்பி. ஆகவே 4 லட்சத்தில் 2.5 லட்சத்துக்குத்தான் பாதுகாப்பு, 1.5 லட்சம் வெளியே நிற்கிறது. அதே கணக்கில் மனைவி, மகள், மகன் என்று மூன்று பெயர் இருந்தால் வரம்பு 7.5 லட்சம் ஆகிவிடும். ஒரு டாலரைக்கூட வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டியதில்லை. பெனிஃபிஷியரி வெளிநாட்டில் இருப்பதோ, ரத்த உறவு இல்லாதவராக இருப்பதோ இந்தக் கணக்கைப் பாதிக்காது.

டிரஸ்ட் கணக்குகளுக்கான விதியை என்.சி.யூ.ஏ. எளிமைப்படுத்தியிருக்கிறது, 2026 டிசம்பர் 1 அதன் நடைமுறைத் தேதி. மாற்றத்தக்க டிரஸ்ட், மாற்ற முடியாத டிரஸ்ட் எல்லாம் ஒரே வகைக்குள் வந்து, ஓர் உரிமையாளருக்கு அதிகபட்சம் ஐந்து பெனிஃபிஷியரி, மொத்தம் 12.5 லட்சம் டாலர் என்று வரையறுக்கப்படுகிறது. உங்கள் அளவிலான தொகைக்கு இதனால் எந்த வேறுபாடும் இல்லை.

அடுத்து பிள்ளைகள். பெயரை நேரடியாக எழுதலாம், கிரெடிட் யூனியன் வாங்கிக்கொள்ளும். எழுதாதீர்கள் என்பதே என் ஆலோசனை. பதினெட்டு வயது ஆகாதவரிடம் பெருந்தொகையைக் கொடுக்க மாட்டார்கள். நீதிமன்றம் ஒரு சொத்துக் காப்பாளரை நியமிக்க வேண்டும். அவர் பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் நீதிபதியிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். பெற்ற தாயே காப்பாளர் ஆனாலும் இவ்வளவும் உண்டு. இத்தனைக்கும் பிறகு, பதினெட்டாவது பிறந்தநாளன்று மொத்தத் தொகையும் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். அந்த வயதில் 2 லட்சம் டாலர் நம் கைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

சிறு தொகைக்கு ஒரு நடுவழி இருக்கிறது. சிறார் சொத்து மாற்றச் சட்டத்தின்கீழ் ஒரு பொறுப்பாளரைக் குறிப்பிட்டு எழுதலாம்: இன்னாருக்காக இன்னார் பொறுப்பாளராக, டெக்சஸ் சட்டப்படி, என்று. டெக்சஸில் அது 21 வயது வரை செல்லும். நீதிமன்றக் காப்பாளர் தேவைப்படாது. 20, 30 ஆயிரம் என்றால் இது போதும். 4 லட்சத்துக்குப் போதாது.

அதனால் டிரஸ்டுக்கு வருகிறேன். டிரஸ்ட் என்றதும் நமக்குக் கோயில் டிரஸ்டும் அன்னதான டிரஸ்டும்தான் நினைவுக்கு வருகின்றன. 'அறக்கட்டளை' என்ற மொழிபெயர்ப்பும் அந்த எண்ணத்தையே வளர்க்கிறது. இது தருமத்துக்கானது அல்ல. உங்கள் சொத்தை யார் நிர்வகிப்பது, யாருக்காக, எந்த வயதில் எவ்வளவு கொடுப்பது என்று நீங்களே எழுதி வைக்கும் குடும்ப ஏற்பாடு. உயிரோடு இருக்கும்வரை நிர்வாகி நீங்களே. விரும்பினால் மாற்றலாம், கலைக்கலாம். வரி விஷயத்திலும் இப்போதைக்கு எதுவும் மாறாது. உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலேயே வட்டி காட்டப்படும்.

டிரஸ்ட் தொடங்கியே ஆக வேண்டும் என்று உங்களிடம் சொன்னவர் நீதிமன்றத்தைத் தவிர்க்கலாம் என்பதைக் காரணமாகச் சொல்லியிருப்பார். ஒழுங்கான உயில் இருந்தால் டெக்சஸில் நீதிமன்ற நடைமுறை மற்ற பல மாநிலங்களைவிட எளிது. இந்தக் கணக்கு நீதிமன்றம் போகாமலிருக்க பி.ஓ.டி. பெயர் ஒன்றே போதும். அதற்குக் கட்டணமும் கிடையாது. அந்தக் காரணத்துக்காக மட்டும் டிரஸ்ட் வேண்டாம். உங்களுக்கு டிரஸ்ட் தேவைப்படுவது வேறு காரணத்துக்காக: நீங்களும் மனைவியும் ஒரே காரில் போகிறீர்கள். இருவரும் இல்லாத நாளில் 11 வயதுக்கும் 6 வயதுக்கும் அந்தப் பணத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு டிரஸ்ட்தான் நல்ல விடை. படிப்புக்கும் மருத்துவத்துக்கும் எப்போது வேண்டுமானாலும், மீதி 25 வயதில் பாதி, 30 வயதில் பாதி என்று உங்கள் விருப்பப்படி எழுதலாம்.

நிர்வாகியாக உங்களுக்குப் பின் மனைவி, அவருக்குப் பின் தம்பி என்று எழுதத் தோன்றும். தம்பி வேண்டாம். காரணம் அவர் குணம் அல்ல, வரிச் சட்டம். டிரஸ்டின் முக்கிய முடிவுகளை அமெரிக்கக் குடிமகனோ வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவரோ அல்லாத ஒருவர் எடுக்கும் நிலை வந்தால், அது வெளிநாட்டு டிரஸ்டாகக் கருதப்படும். அதற்கான அறிக்கைப் படிவங்களும் அவற்றைத் தவறவிட்டால் விழும் அபராதமும் பிள்ளைகளின் தலையில் விடியும். அமெரிக்காவில் நிலையாக வசிக்கும் உறவினரையோ, நெடுநாள் நண்பரையோ கேளுங்கள். அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகே பெயரை எழுதுங்கள்.

நான் சொல்லும் அமைப்பு இது. கணக்கில் மனைவியைக் கூட்டு உரிமையாளராகச் சேர்த்து, எஞ்சியிருப்பவருக்கே உரிமை என்ற ஏற்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். இருவருக்கும் பின் பி.ஓ.டி. பெனிஃபிஷியரியாக, நீங்கள் இருவரும் தொடங்கும் டிரஸ்டை எழுதுங்கள். உங்களில் ஒருவர் போனால் மற்றவர் மறுநாளே பணத்தைப் பயன்படுத்தலாம். இருவரும் போனால் பிள்ளைகளுக்கான டிரஸ்டுக்குப் போகும். இரண்டு உரிமையாளர், டிரஸ்ட் வழியாக இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கில் காப்பீட்டு வரம்பு 10 லட்சம் டாலர் ஆகிறது.

ஒரு சிறிய இடத்தைக் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன். டெக்சஸ் சட்டம் கணக்குப் படிவத்துக்கென்று ஒரு வாசகத்தையே வகுத்திருக்கிறது. ஒருவர் கணக்கு, பி.ஓ.டி.யுடன் ஒருவர் கணக்கு, எஞ்சியவருக்கு உரிமை இல்லாத கூட்டுக் கணக்கு, உரிமை உள்ள கூட்டுக் கணக்கு, உரிமையும் பி.ஓ.டி.யும் சேர்ந்த கூட்டுக் கணக்கு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அரை அங்குலத்துக்கு ஒரு கோடு. அதில் உங்கள் பெயரின் முதலெழுத்துகளைக் கையால் எழுத வேண்டும். பல ஊழியர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். டெக்சஸில் கூட்டுக் கணக்கு என்பதாலேயே எஞ்சியவருக்கு முழு உரிமை வந்துவிடாது. இறந்தவர் கையெழுத்திட்ட எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். இல்லையென்றால், கிளையில் பணம் எடுக்க முடிந்தாலும், இறந்தவரின் பங்கு சட்டப்படி அவருடைய வாரிசுச் சொத்து. சரியான கோட்டில் உங்கள் எழுத்தும் மனைவியின் எழுத்தும் இருக்கின்றனவா என்று பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

சர்டிஃபிகேட்டைத் தொடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: உரிமையாளர் பெயரை மாற்றினால் முதிர்வுக்கு முன் முடித்ததாகக் கருதி அபராதம் பிடிப்பார்களா? சில இடங்களில் பிடிப்பார்கள். அப்படியென்றால் இப்போதைக்கு அதில் பெனிஃபிஷியரி பெயரை மட்டும் மாற்றுங்கள். மற்றதை முதிரும் தேதியில் செய்யலாம். அதே கிரெடிட் யூனியனில் கார் கடன் ஏதாவது இருந்தால், அந்த நிலுவையை உங்கள் வைப்பிலிருந்து கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார்கள். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு.

டிரஸ்ட் எழுதியவர்கள் செய்யும் ஒரே பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். சில ஆயிரம் டாலர் செலவழித்து, தங்க எழுத்து பொறித்த தடித்த கோப்பு வீட்டுக்கு வந்து சேரும். அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். டிரஸ்டுக்குச் சேர்ந்த சொத்துகளை எழுத வேண்டிய கடைசிப் பக்கம் வெள்ளையாகவே கிடக்கும். கிரெடிட் யூனியனுக்கு யாரும் தகவலே சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த டிரஸ்டால் பயனில்லை. வழக்கறிஞர் தரும் டிரஸ்ட் சான்று இரண்டு, மூன்று பக்கம் இருக்கும். முழுப் பத்திரத்தைக் காட்ட வேண்டியதில்லை, அதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனால் போதும்.

அம்மாவுக்கான 50 ஆயிரத்தை இதில் கலக்காதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, மனைவியின் சம்மதத்தோடு அம்மாவை பெனிஃபிஷியரியாக எழுதுங்கள். பெரும்பாலான கிரெடிட் யூனியன்களில் 'இவர் இல்லையென்றால் அவர்' என்று இரண்டாம் வரிசைப் பெயர் எழுத இடம் இருக்காது. அம்மா உங்களுக்கு முன்பே போய்விட்டால் படிவத்தை மாற்ற வேண்டியது உங்கள் பொறுப்பு. இந்தியாவில் எஸ்டேட் வரி 1985இலேயே ஒழிக்கப்பட்டது. வாரிசாகவோ உயில் வழியாகவோ வரும் தொகைக்கு அவருக்கு வருமான வரியும் இல்லை. இங்கே அவரிடம் இறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், வெளிநாட்டவர் என்பதற்கான டபிள்யூ-8பென் படிவம் ஆகியவற்றைக் கேட்பார்கள்.

அம்மாவின் பெயரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஆதாரில் ஓர் இனிஷியலும் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரோ கணவரின் பெயரோ விரிந்து நிற்கும். படிவத்தில் மகனோ, தன் குடும்பப் பெயரையே அம்மாவுக்கும் ஒட்டிவிடுவார். மூன்றும் மூன்று ஆட்கள் என்று இங்குள்ள ஊழியர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல், பிறந்த தேதியோடு எழுதுங்கள். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மனைவிக்கு இந்தக் கணக்கு அதிகம் தெரியாது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்ன அமைப்பில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆகவே ஒரு சனிக்கிழமை காலை இருவரும் சேர்ந்து கிளைக்குப் போங்கள். உறுப்பினர் எண், சர்டிஃபிகேட் முதிரும் தேதி, 2011இல் நீங்கள் கையெழுத்திட்ட தாளின் நகல் மூன்றையும் முந்தின இரவே எடுத்து அவரிடம் காட்டுங்கள். அந்த நகல் உங்களிடம் இல்லாவிட்டால், தம்பியின் பெயர் எந்தெந்தக் கணக்கில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேமிப்பில் மாற்றிவிட்டு சர்டிஃபிகேட்டை மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கணக்குக்கும் படிவம் தனித்தனி. டிரஸ்ட் எழுதி முடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம்: இந்தச் சனிக்கிழமையே தம்பியின் பெயர் இருக்கும் இடத்தில் மனைவியின் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.